பாலையூற்றில் ஒரு போத்தல் தண்ணீர்

அப்பா இறந்த பிறகு நான் திருகோணமலையில் இருக்கும் பாலையூற்றுப் பக்கம் போகவே இல்லை. கொழும்பிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா கூப்பிடுவார், நான் சாக்குச் சொல்வேன். வெயில், தலையிடி, பஸ்ஸில் வந்த அலுப்பு. இந்த முறை அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, தனியாக ஓட்டோ ஏற முடியாது. சரி, வேறு வழியில்லை என்று சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

முதலில் நகரத்துப் பேராலயம். 1852இல் கட்டியது. அந்த வான நீல முகப்பு வெயிலில் கண்ணைக் கூசும். அம்மா உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். அவர் மனம் முழுக்கப் பாலையூற்றில்தான்.

அங்குள்ள லூர்து மாதா கோயில் எங்கள் குடும்பத்தின் நேர்த்திக் கோயில். காய்ச்சல், பரீட்சை, வள்ளம் வாங்கியது எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு மெழுகுதிரி எரிந்திருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி சைவம். கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு அதே திருநீற்றோடு வந்து மாதாவுக்கும் திரி கொளுத்துவார். திருகோணமலையில் இது யாருக்கும் புதினமில்லை. ஊரின் பெயர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பாலை மரம், பக்கத்தில் ஊற்று. பிரான்ஸில் இருக்கும் லூர்து நகரின் கதையும் ஊற்றுக் கதைதானே. 1858 பெப்ரவரி 11இல் தொடங்கி 18 தடவை மாதாவைக் காட்சியில் கண்டாள் பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமி. மாதா காட்டிய இடத்தில் கையால் மண்ணைத் தோண்டினாள். முதலில் சேறுதான் வந்தது, பிறகுதான் தண்ணீர்.

அப்பாவுக்குக் கடற்றொழில். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளம் கரையிலேயே கிடந்தது. கானோடு வரிசையில் நின்றபோதுதான் முதல் தடவை மயங்கி விழுந்தார். சிறுநீரகம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து முடிந்துவிட்டது, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள். நாங்கள் போன கடை எதிலும் இல்லை. அம்மா மாதாவுக்கு நவநாள், அதாவது ஒன்பது நாள் செபம், தொடங்கினார். ஒவ்வொரு நாளும் மாதா சிலை இருக்கும் குகையான கெபிக்குப் பக்கத்துப் பைப்பில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் அப்பாவுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

எட்டாம் நாள் அப்பா இறந்தார்.

ஒன்பதாம் நாள் செபத்தை அம்மா செத்த வீட்டில் இருந்தபடியே சொல்லி முடித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. (ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. அப்பா இருந்திருந்தால் அதற்கென்று இன்னொரு தடவை மயங்கியிருப்பார்.)

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார் என்றார்கள். சோதனை என்றார்கள். அது பைபிளில் யோபு சொன்னது என்று எனக்கும் தெரியும். ஆனால் யோபுவின் புத்தகம் 42 அதிகாரம். பொறுமைசாலி யோபுவை முதல் இரண்டு அதிகாரத்தில்தான் பார்க்கலாம். மூன்றாவதில் பிறந்த நாளையே சபிக்கத் தொடங்குகிறவர், அதற்குப் பிறகு கடவுளோடு வழக்குப் பேசுகிறார். கடைசியில் கடவுள் கோபிப்பது யோபுவோடு இல்லை, அழகாக விளக்கம் சொன்ன நண்பர்களோடு. என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்கிறார். இதை எந்தச் செத்த வீட்டிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கெபியடியில் ஒரு வயதான அம்மா குந்தியிருந்து, உருகி வழிந்த மெழுகைச் சிரட்டைத் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழைய பால்மா டின். வெள்ளை, மஞ்சள், நீலம் எல்லாம் கலந்த மெழுகுத் தூள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. சின்ன வயதில் எனக்குக் கச்சான் வாங்கித் தந்தவர்.

“கனநாளாக் காணேல்லை, பிள்ளை.”

“வரேல்லை.”

“கோவமோ?”

நான் பேசாமல் நின்றேன்.

“சுனாமிக்குப் பிறகு நானும் ரெண்டு வருசம் வரேல்லை,” என்றார். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அவருடைய மகன் அன்று கடற்கரையில் நின்றான். “பிறகு ஒருநாள் வந்து நல்லா ஏசினனான்.”

“ஆரை? மாதாவையோ?”

“வேற ஆரை? ஏசி முடிஞ்சு திரும்பினா, காலில மெழுகு ஒட்டுது. நிலமெல்லாம் மெழுகு. ஒருத்தரும் சுரண்டுறதில்லை. அண்டைக்குத் தொடங்கினது.”

அவ்வளவுதான். டின்னைத் தள்ளிக்கொண்டு அடுத்த படிக்கு நகர்ந்தார். மாதா அவருக்கு ஏதாவது பதில் சொன்னாவா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

நான் வாங்கில் இருந்து பெர்னதெத்தை நினைத்தேன். ஊற்றைத் தோண்டியவளுக்கு ஆஸ்துமா. பிறகு எலும்புருக்கி. 1879இல், 35 வயதில் இறந்தாள். அந்த ஊற்று தனக்கானது இல்லை என்று சொன்னாளாம். இந்த உலகத்தில் உன்னைச் சந்தோசமாக வைத்திருப்பேன் என்று வாக்குத் தரமாட்டேன் என்று மாதாவே அவளிடம் சொல்லியிருக்கிறார். லூர்தில் அத்தனை ஆயிரம் பேர் சுகம் பெற்றதாகச் சொல்லியும் திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றது எழுபது சொச்சம்தான். பங்கில் மறைக்கல்வி படித்த காலத்தில் குணமானவர்களின் கதைகளைத்தான் கேட்டேன். இந்தக் கணக்கை எட்டாம் நாளுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் கோபம் கொஞ்சம் குறைந்திருக்குமோ, கூடியிருக்குமோ, இன்னும் தெரியவில்லை.

அன்று நான் செபம் சொல்லவில்லை. திரியும் கொளுத்தவில்லை.

வெளியே வந்தால் அம்மா பைப்படியில் போத்தலோடு நிற்கிறார். அதே போத்தல். அப்பாவுக்குக் கொண்டுபோனது. பிளாஸ்டிக் மங்கி, கழுத்தடியில் கட்டிய சிவப்பு நூல் இன்னும் கிடக்கிறது.

“இது ஆருக்கு, அம்மா?”

“முழங்காலுக்கு,” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. போத்தல் நிறைந்த பிறகு மூடியைத் தேடினால் காணவில்லை. வடிகானுக்குள் விழுந்துவிட்டது போல. ஓட்டோக்காரத் தம்பி அவசரப்படுத்தினார். அம்மாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, போத்தலை வாங்கி மடியில் நிமிர்த்தி வைத்தேன்.

வழியெல்லாம் குண்டும் குழியும். ஒவ்வொரு தூக்கலுக்கும் தண்ணீர் தளும்பியது. வீடு வரும்வரை போத்தல் வாயைப் பெருவிரலால் அடைத்தபடியே இருந்தேன்.