கல்லீரலுக்கு இன்னும் அந்தப் பட்டியலில் இடமில்லை

சித்தப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய் என்று தெரிந்ததிலிருந்து பலரும் சொல்வது, "மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போடுங்க, மாசாமாசம் பணம் வரும்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கல்லீரல் நோயை மட்டும் காட்டி அந்த அட்டை வாங்க முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. ஹீமோஃபிலியா, தலசீமியா போன்ற ரத்த நோய்கள், பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் எல்லாம் உள்ளே வந்தன. நாள்பட்ட கல்லீரல் நோய் வரவில்லை. பட்டியலில் உள்ள குறைபாடு 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, நாலு படி ஏற முடியாதவருக்கு அங்கே சதவீதமே போட வழியில்லை.

அமெரிக்காவில் இதே நோய்க்குத் தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை ஓராண்டுக்கு வேலை செய்ய இயலாதவராகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

"குடிச்சுதானே வந்துச்சு" என்று இங்கே எளிதாகக் கேட்டுவிடுகிறோம். ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல், பரம்பரைக் கோளாறு என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. குடித்தே வந்திருந்தாலும் அவரும் நோயாளிதான்.

இப்போதைக்கு, தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை வாங்கி வையுங்கள். கல்லீரல் மாற்று சிகிச்சையும் அதில் அடங்கும்.

புதிய வகைகளை மத்திய அரசு அறிவிக்கலாம் என்று 2016 சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. உங்கள் தொகுதி எம்.பி.க்கு, கல்லீரல் நோயையும் சேர்க்கக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.