குளுவான் விட்ட தடம்

இன்று ஹெரா என்ற துகள் மோதுவிப்பானில் நடந்த சோதனையின் பழைய வரைபடம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் போகப் போகப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போகின்றன.

அந்த ஏற்றத்துக்குக் காரணம் குளுவான்கள், அதாவது புரோட்டானுக்குள் குவார்க் என்னும் துகள்களைப் பிணைத்து வைக்கும் துகள்கள்!

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த ஹெராவில் 1992 முதல் 2007 வரை எலக்ட்ரானையும் புரோட்டானையும் மோதவிட்டார்கள். குளுவானுக்கு மின்னூட்டம் இல்லை. எலக்ட்ரானால் அதை நேரடியாகத் தொட முடியாது. ஆனால் குளுவான் கணநேரம் குவார்க், எதிர்க்குவார்க் இணையாகப் பிரியும். எலக்ட்ரான் அதில் பட்டுச் சிதறும். சிதறிய கோணத்தையும் ஆற்றலையும் வைத்துக் கணக்கிட்டால், புரோட்டானின் உந்தத்தில் துளிப் பங்கு மட்டும் சுமக்கும் குளுவான்கள் அதற்குள் மொய்த்துக் கிடப்பது தெரிகிறது. வரைபடத்தின் இடப்பக்கம் இந்தத் துளிப் பங்குக்கு உரியது.

புரோட்டானுக்கு அடிப்படையான மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் புரோட்டான் நிறையில் சுமார் 1 சதவீதம்தான் வரும். மிச்சமெல்லாம் பெரும்பாலும் குளுவான்களின் ஆற்றலும் குவார்க்குகளின் ஓட்டமும்தான். நம் உடம்பின் எடையும் அப்படித்தான்!

சரி, இந்தக் குளுவான் கூட்டம் பெருகிப் பெருகி எங்கே போய் நிற்கும்? அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் அமையவிருக்கும் எலக்ட்ரான்-அயனி மோதுவிப்பானிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இதற்கான பதிலைத்தான்.