சி.பி.யு. சூடு: பேஸ்ட் வாங்கும் முன் வாட் கணக்கைப் பாருங்கள்

"சிஸ்டம் சூடாகித் தானா ஆஃப் ஆயிடுது" என்றால் உடனே வரும் பதில், "தெர்மல் பேஸ்ட் மாத்துங்க". சிப்புக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பசைதான் அது. பல நேரம் பேஸ்ட் மேல் குற்றமே இருக்காது. கூலரைக் கழற்றி மாட்டுவது அரைமணி நேர வேலை. சரியாக உட்கார்ந்திருந்த கூலரையும் கெடுத்துவிடக்கூடிய வேலை. அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்: சி.பி.யு. எத்தனை வாட் இழுக்கிறது, சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது.

டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. வெப்பநிலை தெரியாது. எச்.டபிள்யூ.இன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருளை இறக்கி, சென்சார் பட்டியலை மட்டும் திறங்கள். இன்டெலில் 'சி.பி.யு. பேக்கேஜ்', ஏ.எம்.டி.யின் ரைசனில் 'டி.சி.டி.எல்.' (Tctl) என்ற வரிதான் வெப்பநிலை. 'சி.பி.யு. பேக்கேஜ் பவர்' என்பது வாட். கீழே மதர்போர்டு பகுதியில் 'ஆக்ஸ்டின்' (AUXTIN) என்ற பெயரில் 115 டிகிரி காட்டிப் பயமுறுத்தும் வரி சில போர்டுகளில் வரும். அந்த இன்புட்டில் சென்சாரே இருக்காது, விட்டுவிடுங்கள்.

எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பது சிப்புக்குச் சிப் மாறும். ஐ5-12400க்கு உச்ச வரம்பு 100 டிகிரி, ரைசன் 5 5600எக்ஸுக்கு 95. வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காமல் ஏறினால்தான் மெஷின் பட்டென்று அணையும். ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் விதிவிலக்கு. முழு லோடில், அதாவது முழு வேலை கொடுக்கும்போது, 95 வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். 7950எக்ஸ் 95 காட்டுகிறதே என்று கூலரை மாற்றுவது காசுக்குக் கேடு.

முதலில் சும்மா இருக்கும் நிலை. எல்லாவற்றையும் மூடிவிட்டு பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சி.பி.யு. பயன்பாடு ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தும் 65, 70 என்று நின்றால் கூலரைச் சந்தேகிக்கலாம். பயன்பாடே 40 சதவீதம் என்றால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது. கிராக் செய்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் கிரிப்டோ மைனர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடும், மூடியதும் மறுபடி ஓடும். எச்.டபிள்யூ.இன்ஃபோவின் வாட் வரியைப் பார்த்துக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மூடினால் பிடிபட்டுவிடும். ரைசனில் சும்மா இருக்கும்போதே 40க்கும் 55க்கும் இடையில் துள்ளுவது சகஜம்.

இனி லோடு. சி.பி.யு.வுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை மல்ட்டி கோரில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். இன்னொரு சோதனை மென்பொருளான பிரைம்95இன் ஸ்மால் எஃப்.எஃப்.டி. அன்றாட வேலையில் வராத சூட்டைக் கிளப்பும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓட்டத்தைத் தொடங்கும் அந்த நொடியில் வெப்பநிலையைக் கவனியுங்கள். 40இல் இருந்தது சட்டென்று 60, 65க்குத் தாவி, பிறகு மெல்ல மெல்ல ஏறினால் சிப்பிலிருந்து கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்குக்குச் சூடு ஒழுங்காகப் போகிறது. ஒரே நொடியில் 90ஐத் தொட்டு, நிறுத்திய மறுநொடியே 50க்கு விழுந்தால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தொடர்பு சரியில்லை. அந்த நேரம் ஹீட்சிங்கின் ஓரத்தை, ஃபேன் இறக்கையில் படாமல், விரலால் தொட்டுப் பாருங்கள். சிப் 95இல் கொதிக்கும்போது ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால் தொடர்புதான் கோளாறு, சந்தேகமே வேண்டாம். மாறாக ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டு 90க்கு ஏறி, ஹீட்சிங்கும் சுட்டால், பேஸ்ட் தன் வேலையைச் செய்கிறது; சூடு வெளியேறத்தான் வழியில்லை.

வாட் இங்கேதான் உதவும். ஐ5-12400க்கு இன்டெல் சொல்லும் அடிப்படை 65 வாட், வேகம் கூட்டும் டர்போவில் 117 வாட். 65 வாட்டிலேயே 95 டிகிரி என்றால் கூலர் பக்கம் கோளாறு. ஐ7-12700கே 190 வாட் இழுத்து 95 காட்டினால் கூலரைத் திட்டிப் பயனில்லை. பல மதர்போர்டுகள் இந்த வாட் வரம்பைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே திறந்துவிட்டிருக்கும், போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் நீண்ட நேர வரம்பான பி.எல்.1, குறுகிய நேர வரம்பான பி.எல்.2 இரண்டிலும் 4095 வாட் என்று இருந்தால் வரம்பே இல்லை என்று பொருள். 12700கேவுக்கு 125, 190 என்று கையால் போட்டாலே சூடு கணிசமாக இறங்கும். ரைசனில் ஈகோ மோடு அதே வேலையைச் செய்யும். 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் எதற்கும் முன்னால் பயாஸை அப்டேட் செய்யுங்கள்; தேவைக்கு மேல் வோல்டேஜ் போன சிக்கலுக்கு 2024இல் வந்த மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தம் அதில்தான் கிடைக்கும்.

தொடர்பு சரியில்லை என்று தெரிந்தால், இன்டெல் சிப்போடு வரும் ஸ்டாக் கூலரில் முதல் குற்றவாளி பேஸ்ட் இல்லை, புஷ் பின். வெள்ளைக் கால் ஒன்று, அதற்குள் இறங்கும் கறுப்பு ஆணி ஒன்று, இப்படி நான்கு. கறுப்பு ஆணி முழுவதும் இறங்கினால்தான் வெள்ளைக் கால் போர்டுக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் நான்கும் மாட்டியது போலவே இருக்கும். போர்டின் பின்பக்கம் பாருங்கள்: பிளந்த வெள்ளைக் கால் நான்கு ஓட்டையிலும் வெளியே நீட்டிக்கொண்டு, நடுவில் கறுப்பு தெரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். மாட்டும்போது அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திருப்பிய நிலையில், மூலைக்கு எதிர்மூலையாக, 'டக்' என்ற சத்தம் வரும் வரை அழுத்துங்கள். முடிந்தால் போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்துச் செய்வது நல்லது. உள்ளே வைத்து அழுத்தினால் போர்டு வளையும், கால் வழுக்கும். மூன்று நான்கு முறை கழற்றிய புஷ் பின்னின் நுனி வெளுத்துப் பிளந்திருக்கும், அதைத் திரும்ப நம்ப வேண்டாம்.

சிப் உட்காரும் சாக்கெட்டும் மாறும். பழைய இன்டெல் சாக்கெட்டான எல்.ஜி.ஏ.1200இன் கூலரைப் புதிய எல்.ஜி.ஏ.1700 போர்டில் அமுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. ஓட்டைகளின் இடைவெளி முன்பு 75 மி.மீ., இப்போது 78. ஓட்டை ஒத்துப்போகும் போர்டிலும் புதிய சிப்பின் உயரம் சற்றுக் குறைவு என்பதால் அழுத்தம் போதாது.

ஏ.எம்.4 சாக்கெட்டில் உட்காரும் ரைசனில் ஆபத்து கழற்றும்போதுதான். காய்ந்த பேஸ்ட் பசை போலப் பிடித்திருக்க, கூலரோடு சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், சிப்பின் அடியிலுள்ள பின்கள் வளையும். பத்து நிமிடம் லோடு கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, பவர் ஒயரை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அதன் பிறகு தூக்குங்கள்.

பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்தெடுங்கள். எல்.ஜி.ஏ.1200, ஏ.எம்.4க்கு நடுவில் ஒரு துவரை அளவு போதும். எல்.ஜி.ஏ.1700 நீள்சதுரம் என்பதால் நடுப்புள்ளியோடு நான்கு மூலையிலும் கடுகு கடுகாக வையுங்கள். கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்கும், அவ்வளவுதான், குறைந்துபோனால்தான் வம்பு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் டிரான்சிஸ்டருக்கு விற்கும் வெள்ளைக் காம்பவுண்ட் அவசரத்துக்கு உதவும், சீக்கிரம் காய்ந்துவிடும். பேஸ்டுக்குப் பதில் தடவும் திரவ உலோகமான லிக்விட் மெட்டலை அலுமினியக் கூலரில் தடவவே கூடாது, அதிலுள்ள காலியம் என்ற உலோகம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். புதுக் கூலர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று ஒரு தரம் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது.

மெல்ல ஏறும் சூட்டுக்கு முதல் சோதனை சைடு பேனலைக் கழற்றி அதே சினிபெஞ்சை ஓட்டுவது. ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் கேபினெட்டின் காற்றோட்டம்தான் பிரச்சினை. கம்ப்யூட்டர் டேபிளின் அடியறைக்குள், பின்பக்கம் பலகை அடைத்து வைக்கும் கேபினெட்டுக்கு வேறு எந்த வைத்தியமும் பலிக்காது. குறையாவிட்டால் கூலரின் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி அங்கே கம்பளி போலப் படிந்து கிடக்கும், மேலே ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். இல்லாவிட்டால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும். கேபினெட் ஃபேனில் சட்டக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்னால் இருப்பது உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் இருப்பது வெளியே தள்ள வேண்டும்.

வாட்டர் கூலரில் பம்ப் நின்றுவிட்டால் சிப்பின் மேல் உள்ள பிளாக் சுடும், ரேடியேட்டர் சில்லென்று இருக்கும். முதலில் பம்பின் கனெக்டரையும், பயாஸில் அதன் வேகம் முழு அளவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அறையின் சூடு ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 75 காட்டும் மெஷின், மே மாதம் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் 38 டிகிரியில் 89 காட்டும். அது கோளாறு இல்லை. கோடையை ஓட்டினால் போதும் என்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்குங்கள். டர்போ நின்று சூடு இறங்கும், வேகமும் கொஞ்சம் போகும்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி பத்து நிமிடம் ஓட்டி, அறை வெப்பநிலை, வாட், உச்ச டிகிரி, பேஸ்ட் போட்ட தேதி நான்கையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி சைடு பேனலின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இருக்கும்.