அசையக் கூடாது

“அசையாமல் படுத்திருங்கள், தண்ணீர் கலங்கினால் வாயு போய்விடும்” என்று சைகையும் சொல்லுமாகக் கட்டளையிட்டுவிட்டுப் போனார் அந்தப் பணிப்பெண்.

செக் நாட்டின் யாகிமோவ். மலையிடுக்கில் ஒற்றைத் தெருவாக நீளும் ஊர்.

தொட்டியில் இருப்பது பார்வைக்கு வெறும் தண்ணீர். நிறமில்லை, மணமில்லை. கரைந்திருப்பதோ ரேடான் என்னும் கதிரியக்க வாயு! மூட்டுவலிக்காரர்கள் 1906 முதல் காசு கொடுத்து இதில் ஊறுகிறார்கள். (நானும்தான்.)

தண்ணீர் வருவது சுமார் 500 மீட்டர் ஆழமுள்ள ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்திலிருந்து. 16ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்காகத் தோண்டியது. இவ்வூர் வெள்ளியில் அடித்த தாலர் நாணயம் ஐரோப்பா முழுதும் புழங்கியது.

வெள்ளி வற்றியது. அதுவரை யாரும் சீந்தாத கறுப்புக் கல்லுக்கு மவுசு வந்தது. அதிலிருந்து யுரேனியம் எடுத்துக் கண்ணாடிக்கு நிறமேற்றினார்கள். மிஞ்சிய கழிவை வரவழைத்துத்தான் மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தெடுத்தார்.

இதுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின், ஊரைச் சுற்றிக் கைதி முகாம்கள். பாதிரியார்கள், ராணுவ அதிகாரிகள், விவசாயிகள் என்று ஆட்சிக்கு ஆகாதவர்களெல்லாம் சுரங்கத்தில் இறக்கப்பட்டார்கள். நான் மருந்தென்று 20 நிமிடம் அளந்து வாங்கிக்கொள்ளும் ரேடானை அவர்கள் ஆண்டுக்கணக்கில், போதிய பாதுகாப்பின்றிச் சுவாசித்தார்கள். ஒரே மலை, ஒரே வாயு. அளவைத் தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

வெட்டியெடுத்த யுரேனியம் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது, அணுகுண்டுத் திட்டத்துக்காக.