மைக்கை நிறுத்தச் சொன்ன கை

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது நான் போட்ட சட்டம் அல்ல. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் அது இருக்கிறது: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலை நிகழ்ச்சி, திருவிழா என்றால் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விட்டுக்கொடுக்கலாம். போராட்டக் கூட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நேரம் தாண்டினால் பேசியவர் மறுநாள் மதுரைக்கோ சென்னைக்கோ போய்விடுவார். மைக் செட்டுக்காரனான என் ஆம்ப்ளிஃபயர் காவல் நிலைய மூலையில் கிடக்கும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. பறை அடிக்கும் இடத்தில் அதை யாரும் அளந்து பார்த்ததில்லை, அது வேறு கதை.

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் நடந்த கூட்டத்தில் மைக்கை ஏன் நிறுத்தினாய் என்று யார் கேட்டாலும் இந்தப் பத்து மணிக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறேன். கேட்டவர்கள் சரி என்று போய்விடுகிறார்கள். எனக்குத்தான் அதோடு முடிவதில்லை.

கூட்டம் எதற்கென்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன மீனவர்களை விடு, படகுகளைக் கொடு, கச்சத்தீவை மீட்டுக் கொடு. இலங்கையோடு போட்ட 1974, 1976 ஒப்பந்தங்கள், தீவின் 285 ஏக்கர் எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த எண்ணில் பேச்சாளர் குரலை உயர்த்துவார் என்று தெரியும், அதற்கு முன்பே ஒலிக் குமிழைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்வேன். அன்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல மாட்டேன். 2017 மார்ச்சில் இதே ஊர்ப் பிள்ளை கடலில் சுடப்பட்டு இறந்ததை ஒருவர் சொன்னபோது, வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவர்கூடப் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டார். ஆனால், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று ஏறியவர்கள் யாரும் அரை மணிக்குக் குறைந்து இறங்கவில்லை.

நடுநடுவே பாட்டு. பறைக் குழுவில் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் மேடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியும் ஓலையும் போட்டு நெருப்பு வைத்திருந்தார்கள். பறையை நெருப்பில் வாட்டி விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மந்தமாக விழுந்தால் மறுபடி நெருப்புக்குப் போகும், கணீரென்றால் மேடைக்கு வரும். பறைக்கு நான் மைக் வைப்பதில்லை, அதற்குத் தேவையும் இல்லை. பாடும் பெண்ணுக்கு மட்டும் ஒன்று. காற்று நேரே மைக்கில் மோதி இரைந்துகொண்டே இருந்தது. ஸ்பாஞ்சு உறைக்கு மேல் இன்னோர் உறை போட்டேன். அந்தப் பெண்ணின் குரலை அவ்வளவு பறையடிக்கு மேலே தனியாகத் தூக்கிக் காட்டியது என் கைவேலை என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பேச்சாளர் பட்டியலில் கடைசி வரி, ‘கடற்பாசி எடுக்கும் பெண்கள் சார்பில் ஒருவர்’. பெயர் எழுதவில்லை.

அவர் மேடைக்கு வந்தபோது மைக்கை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல் நுனிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பாறை கீறிய தடம். துணியைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள், அப்படியும் கீறும். பழக்கமில்லாதவர்கள் செய்வதுபோல மைக்கை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். இனியும் ஏற்றினால் ஊளையிடும் என்கிற எல்லை வரை அவருக்காகக் குமிழை ஏற்றினேன். அன்று வேறு யாருக்கும் அவ்வளவு ஏற்றவில்லை.

“கச்சத்தீவை மீட்கிறீர்கள், சந்தோஷம். குருசடைத் தீவை எங்களுக்கு யார் மீட்டுத் தருவது?” என்றுதான் தொடங்கினார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவுக்குள் போனதிலிருந்து, தாய் இறங்கிய தண்ணீரில் மகள் இறங்கினால் குற்றம் என்றாகிவிட்டதைச் சொன்னார். மரிக்கொழுந்துப் பாசியை வனத்துறையினர் சாக்கோடு பறித்துக்கொள்வதைச் சொன்னார். குந்துகாலிலிருந்து அதே தீவுக்குச் சுற்றுலாப் படகு போவதைச் சொன்னார். “எங்களைப் பிடிக்கிறவர்கள் தமிழ் பேசுகிறார்கள். அதனால்தான் எங்களுக்குக் கூட்டம் போட ஆள் இல்லையா?” என்று கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. “இன்னொன்றும் சொல்கிறேன், இந்த இழுவைமடி...” என்றார்.

என் ஸ்பீக்கரிலிருந்து அவர் குரலில் வந்த கடைசிச் சொல் அதுதான்.

ஜெனரேட்டர் பக்கம் நின்ற காவலர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். மேடையின் வலப்பக்கம், தட்டியின் மறைவிலிருந்து ஒருங்கிணைப்பாளர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார். இரண்டும் ஒரே நேரத்தில் என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன். உண்மையில் எது முதலில் என் கண்ணில் பட்டது? காவலரின் கை என்றால் நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். மற்றக் கை என்றால் வாடகை கொடுத்தவர்களுக்குக் கட்டுப்பட்டவன். பந்தலும் நாற்காலியும் மைக் செட்டும் விசைப்படகுக்காரர்கள் செலவு. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலை அவர்கள் போடுவதுதான். 2017 என்றதும் மேடையில் சுடப்பட்ட பிள்ளை வருகிறான், வரவும் வேண்டும். இழுவைமடியை இலங்கை முற்றாகத் தடை செய்ததும் அதே ஆண்டுதான். அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

குமிழை இறக்கினேன்.

அவர் மைக்கை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, “அப்பு, கரண்ட் போய்விட்டதா?” என்றார்.

“ஆமாம் ஆத்தா” என்றேன்.

அவர் தலைக்கு மேலே மேடையின் டியூப் லைட்டுகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. ஜெனரேட்டர் ஓடும் சத்தம் வேறு. அண்ணாந்து லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி” என்று மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார்.

எங்களைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்கும் நாங்கள்தான், மாதா கோவில் கொடியேற்றத்துக்கும் நாங்கள்தான், எல்லாக் கட்சி மேடைக்கும் நாங்கள்தான். மைக் செட்டுக்காரனுக்குக் கட்சி கிடையாது என்பார்கள். பேசுகிறவரை நிறுத்த நாங்கள் கையாளும் முறையும் உண்டு. குமிழை லேசாக இறக்கி ஏற்றுவோம், பழகியவர்கள் புரிந்துகொண்டு வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். அவருக்கு அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது என்று வைத்துக்கொண்டேன்.

பத்து மணிதானே காரணம் என்று என் பக்கத்தை நான் கட்டி எழுப்பும்போதெல்லாம் இடிப்பது பாட்டுதான். அவர் இறங்கியதும் ஒருங்கிணைப்பாளர் நன்றி சொல்லி நிறைவுப் பாட்டை அறிவித்தார். பாடும் பெண்ணின் மைக்கை நான் திறந்தேன். ஒரு பாட்டு இரண்டானது, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பத்தைத் தாண்டியும் போயிற்று. காவலரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், மணிக்கட்டைத் தட்டவில்லை. பாட்டு யார்மீதும் புகார் சொல்லவில்லை என்பது காரணமாக இருக்கலாம். அல்லது பறை எப்படியும் ஊருக்கெல்லாம் கேட்கும், குரலை மட்டும் அடைத்து என்ன பயன் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

வண்டியில் பெட்டிகளை ஏற்றும்போது என் உதவியாள், “அண்ணே, வயர் கழன்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாமே, லைட் எரியும்போது கரண்ட் போய்விட்டது என்றால் யார் நம்புவார்கள்?” என்றான். அவன் கவலை தொழில் சார்ந்தது. அன்று எரிச்சலாக இருந்தது. பிறகு அதையே நானும் யோசிக்கத் தொடங்கினேன். மைக் நின்றதால் அவர் பேச்சு நின்றதா? வத்தை என்கிற சிறு படகில் இருந்துகொண்டு இரைச்சலுக்கு நடுவே அடுத்த வத்தைக்குக் குரல் கொடுக்கிறவர்கள் அவர்கள். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் ஆத்தா என்று நான் உள்ளதைச் சொல்லியிருந்தால், வெறும் குரலிலேயே இழுவைமடிக் கதையைச் சொல்லி முடித்திருப்பார். முன்வரிசைக்காவது கேட்டிருக்கும், அந்த முன்வரிசையில்தான் படகு உரிமையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் குமிழைவிட, “ஆமாம் ஆத்தா”தான் அவரை இறக்கியது.

இல்லை, அவருக்கு எல்லாம் புரிந்துதான் இறங்கினார், என் பொய் அவருக்கு ஒரு மரியாதையான வழியைக் கொடுத்தது என்றும் தோன்றுகிறது. அங்கே சண்டை வந்திருந்தால் மறுநாள் பாசியை எடைபோட்டு விற்க அவர் அதே ஊருக்குள்தான் வர வேண்டும். எனக்கு வசதியான எண்ணம்தான், ஆனாலும் பொய் என்று தள்ள முடியவில்லை.

அதே ஒருங்கிணைப்பாளர் அடுத்த கூட்டத்துக்கு முன்பணத்தோடு வந்தார். பாம்பனில், பஸ் நிறுத்தம் பக்கம். பேசுகிறவர்கள் பட்டியலையும் யாருக்கு எத்தனை நிமிடம் என்பதையும் எழுதிக் கொடுங்கள், பாசி எடுக்கும் பெண்களை இந்த முறை முதலில் போடுங்கள் என்றேன். “உங்களுக்கு எதற்கு அண்ணே அதெல்லாம், சவுண்டை மட்டும் பாருங்கள்” என்று சிரித்தார். பணத்தை வாங்கி வைத்திருக்கிறேன். பட்டியல் வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஜெனரேட்டருக்கு டீசல் சொல்லியாகிவிட்டது.