பொம்மை இல்லை சார், ஸ்கேட்போர்டு

சொந்த பிராண்டில் ஸ்கேட்போர்டு இறக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், முதலில் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். பலகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஞானம் வர எனக்கு 19 நாளும், கிடங்கு வாடகை என்று 41,000 ரூபாயும் ஆனது.

எங்களுடையது அப்பா காலத்துக் கடை. கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, ஷட்டில் காக் விற்றே வளர்ந்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதல்முறையாக நுழைந்த பிறகு பையன்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எங்களிடம் இருந்ததோ பிளாஸ்டிக் ட்ரக் (பலகைக்கு அடியில் சக்கரத்தைத் தாங்கும் அச்சு) மாட்டிய மலிவு சரக்கு. மாமல்லபுரம் பக்கமிருந்து வந்த ஒரு பையன் அதில் ஏறி நின்றான், வாலை ஒரு மிதி மிதித்தான், இறங்கிவிட்டான். "இது பொம்மைண்ணா." அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெகத்லான் மாதிரிப் பெரிய கடைக்காரர்கள் மலையேற்றத்துக்கு கெச்சுவா, சக்கர விளையாட்டுக்கு ஆக்சிலோ என்று தனித்தனிப் பெயர் வைத்து விற்கிறார்களே, ஒற்றைக் கடைக்காரன் ஒரே ஒரு பெயர் வைக்கக் கூடாதா என்ற திமிர்தான் ஆரம்பம்.

பலகை விஷயத்தில் பெரிய சிரமம் இல்லை. ஏழு அடுக்கு மேப்பிள், அகலம் 8 அங்குலமும் 8.25 அங்குலமும், 52 மி.மீ. சக்கரம், 608 பேரிங். முதல் தொழிற்சாலையின் சாம்பிளை ஐப்பசி மழையில் கடையின் பின்னறையில் போட்டு வைத்தேன். பத்தே நாளில் ஓரமெல்லாம் வாழைப்பட்டை மாதிரி பிரிந்து வந்தது. இரண்டாவது தொழிற்சாலையின் பலகை தாங்கியது. நம் ஊர் ஈரத்தில் வைத்துப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

ட்ரேட்மார்க் விண்ணப்பம் நானே ஆன்லைனில் போட்டேன். சிறுதொழில்களுக்கான உத்யம் சான்றிதழ் இருந்ததால் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய்தான். இல்லாமல் கம்பெனி பெயரில் போட்டால் 9,000. ஸ்கேட்போர்டு 28ஆம் வகுப்பில் வரும். டி-ஷர்ட்டும் விற்பதாக இருந்தால் 25ஆம் வகுப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும், நான் மறந்து பிறகு கட்டினேன். பெயரை எழுத்தை வைத்து மட்டும் தேடாதீர்கள், உச்சரிப்பை வைத்தும் தேடுங்கள். முதலில் நான் ஆசைப்பட்ட பெயர் அந்தத் தேடலில்தான் அடிபட்டது. இப்போது இருக்கும் பெயரை இங்கே சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம்.

இதில் ஒரு கண்டம். தொழிற்சாலையின் டிசைனர் அழகுக்காக எங்கள் பெயர் பக்கத்தில் பதிவான பெயர் என்று காட்டும், வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' எழுத்தைப் போட்டு 300 பெட்டியும் அச்சடித்துவிட்டார். பதிவு முடிவதற்கு முன் அதைப் போடுவது 1999ஆம் ஆண்டு ட்ரேட்மார்க் சட்டத்தின் 107ஆம் பிரிவுப்படி தவறு, 2024இல் சட்டம் மாறும்வரை சிறைத் தண்டனைக்கே இடம் இருந்தது. விண்ணப்பித்த நிலையில் 'டி.எம்.' மட்டும்தான் போடலாம். போட்டோவில் அதைப் பார்த்ததும் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கச் சொன்னேன். மறைத்தார்கள். அந்தப் பதற்றத்தில் அதே பெட்டியில் இருந்த இன்னொரு படம் என் கண்ணில் படவே இல்லை: பலூன் பிடித்துக்கொண்டு பலகையில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை.

இறக்குமதிச் சரக்கு சுங்கத்துக்கு வந்தது. சரக்கை அடுக்கிய மரப் பேலட்டில், பூச்சியைக் கொல்லச் செய்யும் வெப்பச் சிகிச்சையின் முத்திரை ஒழுங்காக இருந்தது, அதுவரை நிம்மதி. மூன்றாம் நாள், சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜெண்ட் போன் செய்தார். "சார், டாய்ஸ்னு சொல்றாங்க." சப்ளையர் பழக்க தோஷத்தில் இன்வாய்ஸில் 'டாய் ஸ்கேட்போர்டு' என்று அடித்திருக்கிறார். ஏஜெண்ட் அதைப் பார்த்தும் இருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க கேக்கலையே சார்."

அந்த ஒரு வார்த்தையின் விலை என்னவென்று பாருங்கள். விளையாட்டுக் கருவி என்றால் சுங்க வகை எண் 9506, அப்போது அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம். பொம்மை என்றால் 9503, 2023 பட்ஜெட்டிலிருந்து 70 சதவீதம். வரியைக் கட்டி அழுதாலும் விடமாட்டார்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இல்லாத சரக்கு உள்ளே வரவே முடியாது.

நேரில் போனேன். அதிகாரி பெட்டியைத் திருப்பிக் காட்டினார்.

"பதினாலு வயசுக்குக் கீழ உள்ள பசங்க விளையாடுறதுக்குன்னா அது பொம்மைதானே? படமே போட்டிருக்கீங்க."

"சார், டோக்கியோவுல பெண்கள் பிரிவுல தங்கம் வாங்குன ஜப்பான் பொண்ணுக்கே பதிமூணு வயசுதான் சார்."

சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார். பிறகு, "எழுதிக் கொடுங்க" என்றார்.

அந்த ஜப்பான் பெண் மோமிஜி நிஷியாவின் தங்கப் பதக்கத்தை வைத்துச் சரக்கை எடுத்துவிடலாம் என்று நினைத்துப் போனவன், வெறுங்கையோடு பேருந்து ஏறினேன். அடுத்த முறை போனபோது வேறொரு மேசை, முதலிலிருந்து கதை. மூன்றாவது முறை காகிதத்தோடு போனேன். திருத்திய இன்வாய்ஸ். பலகை 100 கிலோ எடை தாங்கும் என்ற தொழிற்சாலையின் விவரத்தாள். பொம்மைத் தரநிலையின் வரம்புப் பகுதியின் நகல். விளையாட்டுக் கருவிகள் அதில் வராது, அவற்றின் பொம்மை வடிவங்கள்தான் வரும் என்று அதிலேயே இருக்கிறது. அந்தப் பத்தியை மஞ்சள் மையால் கோடிட்டு மேலே வைத்தேன். ஒரு பெட்டியைப் பிரித்தார்கள், உலோக ட்ரக்கைத் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் 9506 என்றே முடிந்தது. பேச்சு செய்யாததை அந்த மஞ்சள் கோடு செய்தது.

இறக்குமதியாளர் முகவரி, எம்.ஆர்.பி., மாதம், தயாரான நாடு எல்லாம் போட்ட லேபிளை வெளியே எடுக்கும் முன்பே ஒட்ட வேண்டும். நானும் அக்கா மகனும் கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே 300 பெட்டிக்கும் ஒட்டினோம். பலூன் குழந்தையின் முகத்தின் மேலேதான் ஒட்டினேன், வேண்டுமென்றே.

கடைக்கு வந்த பிறகு இன்னொரு கூத்து. விலை 5,500, வெளிநாட்டுப் பெயர் போட்ட வெறும் பலகைக்கே அதற்கு மேல் கொடுப்பவர்கள் எங்கள் பலகையைக் கையில் எடுத்து, "கடை பிராண்டாண்ணா?" என்று கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்கள். முதல் மாதம் நாலே நாலு விற்றது, அதில் ஒன்று மச்சானுக்கு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கேரம் போர்டு அடுக்கை மட்டும் வாசல் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு, அன்றைக்குப் பொம்மை என்று சொன்ன அதே பையனைத் தேடிப் பிடித்து ஒரு பலகையைச் சும்மா கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து அதை இரண்டு துண்டாகக் கொண்டுவந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவனோ துண்டுகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். "பாருங்கண்ணா, ஒரு அடுக்குகூட பிரியல. படிக்கட்டுல நான் தப்பா இறங்குனதுலதான் உடைஞ்சுது." கூட வந்த இரண்டு பேரும் வாங்கிப் பார்த்தார்கள்.

"8.25 இருக்காண்ணா? இந்தத் தடவை காசு கொடுத்துடுறேன்."

மூன்று போயிற்று அன்றைக்கு.