இடிக்கப்போகிற பாதிக்கும் சேர்த்து விலை

இராமநாதபுரம் கடலோரத்துக் கீழக்கரையில் மூன்றரை சென்ட் மனையில் நிற்கிற ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசி முடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. இதில் உட்கார்ந்து விலை பேசியது மொத்தம் நான்கு தடவைதான். மீதி நாளெல்லாம் எங்கே போயிற்று என்றால், அந்த வீட்டில் எது நல்ல பாதி, எது கெட்ட பாதி என்பதில் விற்கிறவர்கள் கணக்கும் எங்கள் கணக்கும் நேர்த் தலைகீழாக இருந்ததில் போயிற்று.

வீடு மகளுக்காக. எங்கள் ஊர்ப் பழக்கம் வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கும், இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துக் கட்டிக்கொடுப்பது பெற்றவர்கள் பாடு. அதனால் ஊருக்குள் வீடு விலைக்கு வருவதே அபூர்வம். இதுவும் ஒரு உம்மாவுக்கு அவர் வாப்பா (அப்பா) கொடுத்த வீடுதான். அந்த உம்மா மவுத்தாகி, அதாவது இறந்து, ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவர் சென்னையில், அவரைத்தான் காக்கா (அண்ணன்) என்கிறேன், இளையவர் மலேசியாவில், லாத்தா (அக்கா) இதே ஊரில் இரண்டு தெரு தள்ளி, கடைசித் தங்கை மதுரையில். கேட்ட விலை 45 லட்சம்.

முதல் தடவை வீடு பார்க்கப் போனபோது காக்கா சென்னையிலிருந்து வந்திருந்தார். முன்கட்டை நின்று பார்க்கக்கூட விடவில்லை. "இதெல்லாம் எங்க பாட்டன் காலத்துப் பழசும்மா, பின்னாடி வாங்க, அதுதான் வீடு" என்று கூட்டிப்போனார். பின்கட்டு 1988-ல் அவர் சவுதியிலிருந்து அனுப்பிய பணத்தில் எழுந்தது. கான்கிரீட் தளம், இரண்டு அறை, அடுப்படி, மாடிப்படி. சுவருக்குப் புதுசாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். அந்த வண்ணத்தைப் பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. ஆறு வருஷம் பூட்டிக்கிடந்த வீட்டுக்கு எதற்கு அவசரமாக வண்ணம்?

அடுத்த வாரம் லாத்தாவிடம் சாவி வாங்கிக்கொண்டு, ஏர்வாடிப் பக்கத்து வயதான கொத்தனார் ஒருவரையும், இராமநாதபுரத்திலிருந்து ஒரு சிவில் என்ஜினியரையும் அழைத்துப்போனேன். என்ஜினியருக்குக் கொடுத்தது 3,000 ரூபாய், இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஆகச் சிறந்த செலவு அதுதான்.

கொத்தனார் முன்கட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது அசையாதும்மா" என்றார். ஒன்றரை அடி கனம், கடலிலிருந்து எடுத்த பவளக்கல், சுண்ணாம்புக் காரை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தும் அங்கே தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறதே, இதுவும் அதே மாதிரி கட்டுமானம்தான் என்றார். இன்றைக்கு அந்தக் கல்லை நினைத்தாலும் எடுக்க முடியாது. 1986-லேயே இங்குள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா ஆகிவிட்டது, 2001-ல் பவளப்பாறைகளையே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மேலே தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கலைக் குத்தவைத்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சு. குறை இல்லாமல் இல்லை. நான்கு கட்டையைக் கறையான் தின்றிருந்தது, மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்து மழைநீர் இறங்கியிருந்தது, சுவரின் அடியில் மூன்று அடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. அந்த ஓதத்துக்கும் காரணம் இடையில் யாரோ சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசியதுதான். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று கல்லைத் தின்கிறது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினால் சுவர் மூச்சு விட்டுவிடும்.

பின்கட்டில்தான் விஷயம் இருந்தது. என்ஜினியர் சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்ட, பாதி இடத்தில் 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம். ஓர் இடத்தில் லேசாகக் கொத்தியதும் ஒரு கை அகலத்துக்குக் காரை அப்படியே விழுந்தது, உள்ளே கம்பி இல்லை, கம்பி இருந்த இடத்தில் செதில் செதிலாகத் துரு. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு வீங்கும், வீங்கினால் கான்கிரீட்டைப் பிளக்கும், பிளந்த வழியே இன்னும் உப்புக் காற்று போகும். கம்பிக்குக் கீழே கான்கிரீட் மறைப்பு முக்கால் அங்குலம்தான் இருந்தது. கடலோரக் கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் கான்கிரீட் தர விதி 45 மில்லிமீட்டர் கேட்கிறது, ஒன்றே முக்கால் அங்குலம். அதைவிடப் பெரிய கதை தண்ணீர். கொத்தனார் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்பல்லாம் இந்தக் கிணத்துத் தண்ணியிலதானேம்மா கலவை போட்டாக." வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். கட்டின அன்றைக்கே துருவுக்கு விதை போட்டாயிற்று.

ஆக எண்பது வருஷக் கட்டு நிற்கும், அதில் பாதி வயதுகூட ஆகாத கட்டு இடிக்க வேண்டியது. காக்கா எந்தப் பாதிக்கு 45 கேட்டாரோ அது எனக்குக் கழிவு, எதைச் சும்மா சேர்த்துத் தந்தாரோ அதற்குத்தான் நான் பணம் கொடுக்கப்போகிறேன்.

கணக்கை ஒரு தாளில் போட்டேன். நல்ல நிலையில் இருந்தால் இந்த இடத்தில் இந்த வீடு 48 போகும். பின்கட்டை இடித்து அள்ளி, லாரித் தண்ணீர் வாங்கிக் கலவை போட்டுத் திரும்பக் கட்ட 9, முன்கட்டுச் சீரமைப்புக்கு நாலரை, கண்ணுக்குத் தெரியாத செலவுக்கு ஒன்றரை. மிச்சம் 33. அதற்கு மேல் போவதில்லை என்று முடிவு. என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து போனில், "25-ல ஆரம்பி" என்றார். அது வேறு ஊரில் நடக்கலாம். இங்கே லாத்தாவை வெள்ளிக்கிழமை ஒரு வீட்டிலும் சனிக்கிழமை ஒரு கல்யாணத்திலும் பார்த்தாக வேண்டும், 25 என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு பார்ப்பது?

31 என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. காக்கா ஏன் என்று கேட்டதும், சரி உண்மையைச் சொல்வோம் என்று, "பின்கட்டு இடிக்கத்தான் காக்கா லாயக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். இரண்டு மாதம் பேச்சே இல்லை. பத்து வருஷப் பாலைவன வேலையை ஒரு வாக்கியத்தில் இடித்துவிட்டோம் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. பழைய வீடு வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், குறையை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். தாளில் எண்ணாகப் பார்த்தால் அது செலவு, வாயால் சொன்னால் அது ஏச்சு.

திரும்பப் பேச்சைத் தொடங்கியது லாத்தா வழியாக. இந்தத் தடவை தாளைக் கொடுத்தேன், முதல் வரியில் முன்கட்டுச் சுவரும் தேக்கும் என்ன பெறும் என்று கூடுதலாகப் போட்டு, அதன் கீழேதான் கழிவு. காக்கா தன் பக்கம் ஒரு என்ஜினியரைக் கூட்டிவந்தார். அவர், இடிக்க வேண்டாம், கொத்திப் பூசி நாலு லட்சத்தில் சரி செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று வருஷத்துக்குத் தாங்கும். ஆனால் உப்பு கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்கும்போது ஒட்டுப்போட்ட இடத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் புதுசாகத் துரு பிடிக்கும். நான் என் என்ஜினியரிடம் கேட்டது ஒரே கேள்வி: பூசிக் கொடுக்கிறவர் பத்து வருஷத்துக்கு எழுத்தில் பொறுப்பு ஏற்பாரா? அதே கேள்வியைக் காக்காவின் என்ஜினியரிடம் லாத்தாவே கேட்டுவிட்டார். அவர் சிரித்தார். 45 அன்றைக்கு 40 ஆனது.

இதற்கிடையில் இன்னொருவர் வந்து 33 கேட்டார், வெறும் மனைக்கு. எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டப்போகிறாராம். நான் முடிந்தது கதை என்று நினைத்தேன், ஆனால் கதை எங்கள் பக்கம் திரும்பியதே அதில்தான். லாத்தா பிறந்தது அந்த முன்கட்டு அறையில், நிக்காஹ் நடந்தது அந்தக் கூடத்தில். "நீங்க முன்னாடி இடிக்க மாட்டீங்கதானே?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். இடித்தால் எனக்குத்தான் நஷ்டம் லாத்தா என்றேன். கடலேறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிறதால் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் குறுக்கே நிற்கும், முழுசாக இடித்துக் கட்டுவதென்றால் அனுமதிக்கு அலைய வேண்டும், அதையும் சொன்னேன். அனுமதி விஷயம் பின்கட்டுக்கு எனக்கும் உண்டு. ஆகவே அது கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரவேண்டும் என்று அக்ரிமெண்டில் ஒரு வரி கேட்டு வாங்கினேன்.

34.5-ல் முடிந்தது. நான் போட்ட கோட்டை ஒன்றரை லட்சம் தாண்டினேன், தெரியாத செலவுக்கு வைத்தது அப்படியே போயிற்று. அவர்கள் 40-லிருந்து இறங்கியதற்குப் பதிலாக மழைக்கு முன்னால் கிரையம், தவணை கிடையாது, மொத்தப் பணம் வங்கி வழியாக, வீட்டில் கிடக்கிற தட்டுமுட்டுச் சாமான் அள்ளுவது எங்கள் பொறுப்பு, ஊஞ்சல் பலகை மட்டும் லாத்தாவுக்கு. ஆண்களுக்கு இரண்டு பங்கு, பெண்களுக்கு ஒன்று, ஆறு பங்காகப் பிரித்தால் காக்காவுக்கும் இளையவருக்கும் ஆளுக்குப் பதினொன்றரை, லாத்தாவுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு ஐந்தே முக்கால்.

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு மீதியைக் கையில் கொடுக்கலாம் என்று தரகர் கேட்டார். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒன்பது சதவீதம், 34.5-க்கு 3,10,500 ரூபாய். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் வீட்டு விலையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறவே கூடாது என்று 2015-லிருந்து சட்டம் இருக்கிறது, நாளைக்கு வாரிசுகளில் யாராவது மனம் மாறினால் பத்திரத்தில் உள்ள தொகைதான் பேசும். அக்ரிமெண்டையும் பதிவு செய்தோம், வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதை நம்பவில்லை.

மலேசியாக்காரர் விஷயம்தான் நான் எதிர்பார்க்காதது. ஐம்பது லட்சத்துக்குக் கீழே என்றால் வாங்குகிறவர் விலையிலிருந்து வருமான வரி பிடிக்க வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது விற்கிறவர் இந்தியாவில் வசித்தால் மட்டும். வெளிநாட்டில் வசிக்கிறவர் பங்குக்கு அந்த வரம்பே கிடையாது, நாம்தான் பிடித்துக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் நம்மைக் கேட்பார்கள். இதைச் சொன்னதும் அவர் நான் ஏதோ புதுசாக விலை குறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். கடைசியில் அவருடைய ஆடிட்டர் விண்ணப்பித்து, குறைவாகப் பிடித்தால் போதும் என்று சான்று வாங்கிக் கொடுத்தார். அங்கே தூதரகத்தில் கையெழுத்துப் போட்ட பவர் பத்திரம் இங்கே வந்ததும் மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அந்த அலைச்சல் தனி.

கிரையம் முடிந்து சாவி கொடுக்கக் காக்கா வந்தார். முன்கட்டில் நிற்கவில்லை, வழக்கம்போல நேரே பின்கட்டுக்குப் போனார். தளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "எப்ப இடிக்கிறீங்க?" என்றார். மழை முடிந்ததும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல உள்ள கம்பி யாருக்கு? அப்ப டன் கணக்குல வாங்கிப் போட்டது" என்றார்.

அக்ரிமெண்டில் அது இல்லை. எடுத்துக்கோங்க காக்கா என்றேன். அவர் தெருமுனை திரும்பியதும் கொத்தனார், "கம்பி எங்கம்மா இருக்கு?" என்று என்னைப் பார்த்தார்.